அரை மணி நேரத்துக்கு 23 காசு

1,197 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஒரு சிறிய கார். இதற்கு ஓராண்டுக்கான தேர்டு பார்ட்டி காப்பீட்டுக் கட்டணம் ரூ.3,416. 2022 ஜூன் 1 முதல் மத்திய அரசு அமலாக்கிய விகிதம் இது. 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.614.88. மொத்தம் ரூ.4,030.88. இதை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 11 ரூபாய் 4 காசு. மணிக்கு 46 காசு. கார் வாங்க வந்தவர் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பித் தந்தால், அந்த ஓட்டத்துக்கு விழுந்த காப்பீட்டுச் செலவு 23 காசு.

1,000 சிசிக்கு உட்பட்ட கார் என்றால் ஆண்டுக்கு ரூ.2,094, வரியோடு ரூ.2,470.92, அரை மணிக்கு 14 காசு. 1,500 சிசிக்கு மேல் போனால் ரூ.7,897, வரியோடு ரூ.9,318.46, அரை மணிக்கு 53 காசு. 30 முதல் 65 கிலோவாட் வரை திறனுள்ள மின்சார கார் ரூ.2,904. எந்தக் காராக இருந்தாலும் அரை மணிக் கணக்கு ஒரு ரூபாயைத் தொடவில்லை.

இந்த 23 காசுக்கு எதெல்லாம் கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை என்பதுதான் இங்கே கணக்கு. டெஸ்ட் டிரைவுக்கென்று தனிக் காப்பீடு எடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. பெரும்பாலும் தேவையும் இல்லை. நம் நாட்டில் காப்பீடு வண்டியோடு போகிறது, ஓட்டுகிறவரோடு அல்ல. தனியார் கார் பாலிசியில் 'ஓட்டுநர்' என்ற பத்தியைப் பாருங்கள். உரிமையாளர் உட்பட யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும், உரிமம் பெறத் தகுதியிழந்தவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பிரிட்டனில் நிலைமை தலைகீழ். அங்கே பாலிசியில் யார் பெயர் இருக்கிறதோ அவர் ஓட்டினால்தான் காப்பீடு. அதனால் பழைய கார் பார்க்கப் போகிறவர், தன் பாலிசியில் பிறர் காரை ஓட்ட இடமில்லையென்றால், ஒரு மணி நேரத்துக்கோ ஒரு நாளுக்கோ தற்காலிகக் காப்பீடு எடுத்துக்கொண்டு போகிறார். எடுக்காமல் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், உரிமத்தில் 6 புள்ளிகள். நம்மூர்க்காரர் அந்தத் தொல்லையிலிருந்து தப்பித்தார். ஆனால் வேறோர் இடத்தில் மாட்டிக்கொள்கிறார்; அது பிறகு.

முதலில் கிடைப்பதைப் பார்ப்போம். ஓட்டிப் பார்க்கும்போது சாலையைக் கடந்த ஒருவர் மீது கார் மோதி அவர் இறந்துவிடுகிறார். வயது 34. சொந்தமாகத் தொழில் செய்து மாதம் ரூ.25,000 சம்பாதித்தவர். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருந்தார்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்குப் போடும்? உச்ச நீதிமன்றம் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் வகுத்தபடி, 40 வயதுக்கு உட்பட்ட சுயதொழிலருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் கூட்ட வேண்டும். 25,000 இப்போது 35,000 ஆகிறது. 2009-ல் சரளா வர்மா வழக்கில் சொன்னபடி, நம்பியிருப்போர் 4 முதல் 6 பேர் என்றால் இறந்தவரின் சொந்தச் செலவுக்காகக் கால் பங்கு கழிக்க வேண்டும். மிச்சம் 26,250. ஆண்டுக்கு ரூ.3,15,000. 31 முதல் 35 வயது வரை பெருக்கும் எண் 16. ஆக ரூ.50,40,000. ஈமச்சடங்கு, சொத்து இழப்பு, துணையை இழந்ததற்கான தொகை ஆகியவை இதற்கு மேல்.

அந்த 50 லட்சத்து 40 ஆயிரத்தையும் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தாக வேண்டும். மூன்றாம் நபரின் உயிருக்கும் உடலுக்கும் பாலிசியில் உச்சவரம்பு கிடையாது. ஓட்டியவர் வாங்க வந்த அந்நியர் என்பது இங்கே ஒரு பொருட்டே அல்ல. அரை மணி நேரத்துக்கு 23 காசு வாங்கிக்கொண்டு 50 லட்சத்துக்குப் பொறுப்பேற்கும் வேறு வியாபாரம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

பொருளுக்கு மட்டும் வரம்பு உண்டு. தனியார் கார் மோதி இன்னொருவரின் வாகனமோ சுவரோ கடையோ சேதமானால் ரூ.7,50,000 வரை. 20 லட்ச ரூபாய் கார் ஒன்றை நொறுக்கிவிட்டால் மிச்சத்தைக் கார் உரிமையாளரும் ஓட்டியவரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஏழரை லட்சத்தை வெறும் 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழைய மோட்டார் கட்டண விதிப்படி அதற்குத் தள்ளுபடி ரூ.100. நூறு ரூபாய்க்காக ரூ.7,44,000 பாதுகாப்பை விட்டுக்கொடுத்த பாலிசிகள் இருக்கின்றன. முகவர் தள்ளுபடி என்று சொல்லியிருப்பார், உரிமையாளர் தலையாட்டியிருப்பார். வேறொருவர் கையில் சாவியைக் கொடுப்பதற்கு முன் பாலிசியில் இந்த ஒரு வரியைத் தேடிப் பார்ப்பது நல்லது.

இனி கிடைக்காதது. அதே 34 வயது, அதே 25,000 வருமானம், அதே குடும்பம். ஆனால் இந்த முறை அவர் சாலையைக் கடக்கவில்லை, ஸ்டீயரிங் பிடித்திருக்கிறார். கார் வாங்க வந்தவர் அவர்தான். வளைவில் கட்டுப்பாடு இழந்து மரத்தில் மோதி இறந்துவிடுகிறார். வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படவில்லை. அந்தக் காரின் தேர்டு பார்ட்டி காப்பீட்டிலிருந்து அவர் குடும்பத்துக்குக் கிடைப்பது: 0.

ஏன் பூஜ்யம் என்று நீதிமன்றங்கள் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. 2009-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த நிங்கம்மா வழக்கில், இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் போனவர் மாட்டு வண்டியில் மோதி இறந்திருந்தார். யாருடைய தவறு என்று பாராமல் தரப்படும் இழப்பீட்டைக் குடும்பம் கேட்டது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் அந்த நேரத்துக்கு உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், தனக்குத் தானே மூன்றாம் நபர் ஆக முடியாது என்றது நீதிமன்றம். 2020 ஜனவரியில் ராம்கிலாடி வழக்கிலும் அதே நிலைதான். இரவல் மோட்டார் சைக்கிளில் இறந்தவரின் குடும்பத்துக்கு, அந்தப் பாலிசியில் இருந்த தனிநபர் விபத்துக் காப்பீட்டின் ரூ.1,00,000 மட்டும் வட்டியோடு கிடைத்தது. எதிரில் வந்த வண்டி மீது தவறு இருந்தால் அந்த வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் முழு இழப்பீடு கேட்கலாம். அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. மரத்தில் மோதினால் மரத்துக்கு ஏது காப்பீடு?

'உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்சம் இருக்கிறதே' என்று கேட்கலாம். இருக்கிறது. கார்களுக்கு 2 லட்சமாகவும் இருசக்கர வாகனங்களுக்கு 1 லட்சமாகவும் இருந்த இந்தத் தொகையை உயர்த்த வேண்டும் என்று 2017-ல் வலியுறுத்தியது சென்னை உயர் நீதிமன்றம். அதன் விளைவாக 2018 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தொகையைக் குறைந்தது 15 லட்சமாக்கி, ஆண்டுக் கட்டணத்தை 750 ரூபாய் என்று வைத்தது. 2019 முதல் இதைத் தனிப் பாலிசியாகவும் எடுக்கலாம். ஆனால் பெயரிலேயே விடை இருக்கிறது. உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே என்றால்தான் பணம். விற்பவர் எடுத்த 15 லட்சம் வாங்க வந்தவருக்குப் போகாது. வாங்க வந்தவர் தன் பழைய காருக்கு எடுத்து வைத்திருக்கும் 15 லட்சமும், பிறர் காரை ஓட்டும்போது அவரோடு வராது. விந்தை என்னவென்றால், அதே காரில் பக்கத்து இருக்கையில் இணை ஓட்டுநராக உட்கார்ந்து வரும் விற்பவருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. அவர் ஃபுல் இன்சூரன்ஸ் வைத்திருந்தால் பின் இருக்கையில் வரும் வாங்குபவரின் மனைவிக்கும் இழப்பீடு உண்டு. முழுப் பாலிசியில் காரின் பயணிகளும் அடங்குவர் என்று 2012-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால் அவருக்கும் இல்லை.

ஷோரூம் காரில் இன்னும் ஒரு படி குறைவு. கம்பெனி அல்லது கூட்டு நிறுவனத்தின் பெயரில் பதிவான வண்டிக்கு உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடே கொடுக்க முடியாது. நிறுவனம் வண்டி ஓட்டாதே! டெமோ கார்கள் பெரும்பாலும் டீலர் நிறுவனத்தின் பெயரில் இருப்பவை. குளிரூட்டப்பட்ட கூடத்தில் காபி கொடுத்து, சாவியைத் தட்டில் வைத்து நீட்டும்போது இந்தச் சேதி யாரும் சொல்வதில்லை.

இந்த ஓட்டை தமிழ்நாட்டில் ஒருமுறை பெரும் சத்தத்தோடு வெளியே வந்தது. ஈரோட்டுத் தீர்ப்பாயம் ஒரு கார் விபத்தில் சுமார் 14.65 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கியிருந்தது. அந்தக் காருக்கு இருந்தது தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும். காருக்குள் இருந்தவருக்கு அது செல்லாது என்று காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்று இழப்பீட்டை ரத்து செய்தது. கூடவே, 2021 செப்டம்பர் 1 முதல் விற்கும் ஒவ்வொரு புதிய வண்டிக்கும் ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் எல்லோரையும் சேர்த்து 5 ஆண்டுக்குப் 'பம்பர் டு பம்பர்' காப்பீடு கட்டாயம் என்றும் உத்தரவிட்டது. ஷோரூம்கள் அலறின. அதே செப்டம்பர் 13-ஆம் தேதி, இப்போதைய சூழலில் அமலாக்கத்துக்கு உகந்ததல்ல என்று நீதிமன்றமே உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிரச்சினை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதற்கு முந்தைய மாற்றம் ஒன்றுக்கும் நம்மூர்தான் மூலம். கோவை எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில்தான், புதிய கார்களுக்கு 3 ஆண்டு, புதிய இருசக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டு தேர்டு பார்ட்டி காப்பீட்டை 2018 செப்டம்பர் 1 முதல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள புதிய காருக்கு 3 ஆண்டுக்கும் சேர்த்து ரூ.10,640. அதனால் மூன்று வயதுக்குள் விற்பனைக்கு வரும் கார் என்றால், தேர்டு பார்ட்டி உயிரோடு இருக்கும் என்று ஓரளவு நம்பலாம். அதைத் தாண்டிய காரில்தான் சிக்கல்.

ஓட்டுகிறவரின் பூஜ்யத்தை நிரப்ப எவ்வளவு செலவாகும்? பாலிசியோடு சேர்த்து 'பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான' விபத்துக் காப்பீடு எடுக்கலாம். பழைய கட்டண விதியில் 10,000 ரூபாய்க்கு 5 ரூபாய். ஓர் இருக்கைக்கு 2 லட்சம் என்றால் 100 ரூபாய், ஐந்து இருக்கைக்கு 500. ஆனால் அது பயணிக்கானது. ஸ்டீயரிங் பிடித்தவர் பயணியா என்று கிளெய்ம் நேரத்தில் கேள்வி எழும். வம்பு எதற்கு? ஆளோடு போகும் காப்பீடே நம்பகமானது. வங்கிக் கணக்கு வழியாக எடுக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவுக்கு ஆண்டுக்கு ரூ.20, 2022 மே வரை அது ரூ.12-ஆக இருந்தது. 18 முதல் 70 வயது வரை எடுக்கலாம். விபத்தில் மரணமடைந்தாலும் முழு ஊனமானாலும் ரூ.2 லட்சம், பகுதி ஊனத்துக்கு ரூ.1 லட்சம். யாருடைய கார், யார் ஓட்டினார்கள் என்ற ஆராய்ச்சிக்கு அங்கே இடமில்லை. 2 லட்சம் போதாது என்பவர்களுக்கு 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய 'சரள் சுரக்ஷா பீமா' இருக்கிறது. இரண்டரை லட்சம் முதல் ஒரு கோடி வரை. 50,40,000 ரூபாய் இழப்பீட்டுக்கு இணையாக 50 லட்சத்துக்கு எடுத்துவைப்பது நடக்காத காரியம் அல்ல. கார் பார்க்கப் போகும் வாரத்தில் டயர், பேட்டரி, சர்வீஸ் புத்தகம் என்று நீளும் பட்டியலில் இதுவும் ஒரு வரியாக இருக்கட்டும்.

இனி கார். உயிருக்குச் சேதமில்லை, காருக்கு மட்டும் அடி. விற்பவர் ஃபுல் இன்சூரன்ஸ் வைத்திருக்கிறார். நாலரை வயது ஆன கார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டிப் பார்த்தவர் கேட் தூணில் இடித்துவிட்டார். ஒர்க் ஷாப் பில் இப்படி என்று கொள்வோம்; வரியை விட்டுவிடலாம். முன் பம்பரும் கிரில்லும் ரூ.10,000. ஹெட்லைட் ரூ.12,000. பானெட் ரூ.10,000. டிங்கரிங் கூலி ரூ.4,000. பெயிண்டிங் ரூ.12,000. மொத்தம் ரூ.48,000.

சர்வேயர் வருவார். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி தேய்மானம்: பம்பருக்கு 5,000, ஹெட்லைட்டுக்கு 6,000. இரும்புப் பாகத்துக்கு 4 முதல் 5 வயதுக் காரில் 35 சதவீதம் தேய்மானம்: பானெட்டுக்கு 6,500. கூலி முழுதாக 4,000. பெயிண்டிங்கில் கால் பங்கைப் பொருள் செலவாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார். 12,000-ல் 1,500 போய் 10,500. கூட்டினால் ரூ.32,000. 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயமாக உரிமையாளர் ஏற்க வேண்டிய தொகை ரூ.1,000. கைக்கு வருவது ரூ.31,000. விட்டுப்போனது ரூ.17,000. தேய்மானமே இல்லாத பாலிசி எடுத்திருந்தால் கதை வேறு. நாலரை வயதுக் காருக்கு அதைப் புதுப்பித்துக்கொண்டே வந்தவர்கள் எத்தனை பேர்?

17,000-த்தோடு முடிந்தால் பரவாயில்லை. இவர் நான்கு ஆண்டுகள் கிளெய்ம் இல்லாமல் வந்தவர். இப்போது கிளெய்ம் கேட்காததற்கான என்சிபி தள்ளுபடி 45 சதவீதம் வாங்குகிறார். அடுத்த புதுப்பிப்பில் 50 கிடைத்திருக்கும். இந்த ஒரு கிளெய்மால் அது பூஜ்யமாகிறது. வண்டிச் சேதத்துக்கான அடிப்படைக் கட்டணம் ஆண்டுக்கு ரூ.8,000 என்று நிலையாக வைத்துக்கொண்டால், முதல் ஆண்டில் இழப்பு 4,000. இரண்டாம் ஆண்டில் 50-க்குப் பதில் 20 சதவீதம்: 2,400. மூன்றாம் ஆண்டில் 25: 2,000. நான்காம் ஆண்டில் 35: 1,200. ஐந்தாம் ஆண்டில் 45: 400. கூட்டினால் ரூ.10,000, ஜிஎஸ்டியோடு ரூ.11,800. 'காரைத்தான் விற்கப்போகிறேனே, என்சிபி போனால் எனக்கென்ன' என்று நினைக்கக் கூடாது. என்சிபி காரைச் சேர்ந்ததல்ல, ஆளைச் சேர்ந்தது. விற்றபின் சான்றிதழ் வாங்கிக்கொண்டு புதிய காருக்குக் கொண்டுபோகலாம், 3 ஆண்டுக்குள். அதனால் தூணில் இடித்தது, இன்னும் வாங்காத காரின் கட்டணத்திலும் இடிக்கிறது. விற்பவரின் உண்மையான நட்டம் 17,000-மும் 11,800-மும் சேர்த்து ரூ.28,800; ரூ.48,000 பில்லில் அறுபது சதவீதம்.

கார் அடியோடு நொறுங்கினால் இன்னொரு கணக்கு. ஷோரூம் விலை 8 லட்சமாக இருந்த காருக்கு 4 முதல் 5 வயதில் தேய்மானம் 50 சதவீதம், காப்பீடு செய்த மதிப்பான ஐடிவி ரூ.4,00,000. பழுதுச் செலவு அதில் 75 சதவீதத்தை, அதாவது 3 லட்சத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிட்டு ஐடிவியைத் தருவார்கள். நீங்கள் பேசி முடித்திருந்த விலை 5 லட்சம் என்றால் இடைவெளி ஒரு லட்சம். இதை ஓட்டிப் பார்த்தவரிடம் கேட்க வேண்டியதுதான். அவர் தருவாரா என்பது அவர் யார் என்பதைப் பொறுத்தது. சாவி கொடுக்குமுன் உரிமத்தைப் படம் பிடித்துக்கொண்டு, சேதமானால் காப்பீடு தராத தொகை யாருடையது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது அநாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஷோரூம்கள் அதைத்தான் அச்சடித்த படிவத்தில் செய்கின்றன. அங்கே கையெழுத்திடுகிறவர் பார்க்க வேண்டியது ஒன்றே: கேட்பது காப்பீட்டுக்குப் போக மிச்சமா, முழுச் சேதமா.

இதுவரை சொன்னது வீட்டு வாசலில் நிற்கும் கார். அதே காரை ஆட்டோ கன்சல்டிங்கில் கொண்டுபோய் நிறுத்தினால் கணக்கு மாறிவிடுகிறது. தனியார் கார் பாலிசியில் எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு: வாடகை, சரக்கு, ஒழுங்கமைத்த பந்தயம், வேகச் சோதனை, அப்புறம் மோட்டார் வியாபாரம் தொடர்பான எந்தப் பயன்பாடும். கடைசி வரியைக் கவனியுங்கள். புரோக்கர் தன் வாடிக்கையாளருக்குக் காட்ட ஓட்டிக்கொண்டுபோனது எந்த வகை? கார் சேதத்துக்கான கிளெய்மை மறுக்க நிறுவனத்துக்கு இந்த ஒரு வரி போதும். மூன்றாம் நபர் இழப்பீட்டில் அவ்வளவு எளிதில் நழுவ முடியாது. எந்தெந்தக் காரணங்களைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆவது பிரிவு எண்ணி வைத்திருக்கிறது. அதில் பந்தயமும் வேகச் சோதனையும் உரிமமின்மையும் போதையும் உண்டு, கார் வியாபாரம் இல்லை. ஆக, சாலையில் போனவர் காப்பாற்றப்படுவார். உங்கள் கார் காப்பாற்றப்படுமா என்பது வாதம். வேகச் சோதனை இரண்டு பட்டியலிலும் இருப்பதால், 'கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறைத் தொட எத்தனை வினாடி பார்க்கலாம்' என்று கிளம்புகிறவரைப் பக்கத்து இருக்கையிலிருந்து அடக்கிவைப்பது உரிமையாளரின் வேலை.

பழைய கார் வியாபாரத்துக்கு 2022 டிசம்பரில் மத்திய அரசு புதிய விதிகள் கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அமல். பதிவுபெற்ற வாகனங்களை விற்கும் டீலர் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். அது 5 ஆண்டு செல்லும். காரை டீலரிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29சி வழியாகத் தெரிவித்துவிட்டால், அதற்குப் பிறகு நடப்பவற்றுக்கு டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். டீலர் மின்னணுப் பயணப் பதிவேடு வைக்க வேண்டும்: எதற்காக எடுத்தார்கள், யார் ஓட்டினார், எப்போது, எத்தனை கிலோமீட்டர். டெஸ்ட் டிரைவும் அதில் ஏற வேண்டும். காரைக் கன்சல்டிங்கில் விடுகிறவர் 29சி-யைக் கேட்டு வாங்காவிட்டால், ஆர்சி-யில் இருக்கும் பெயர் அவருடையதுதான். ஆர்சி-யில் யார் பெயரோ அவரே பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது. அந்த வழக்கில் கார் பல கை மாறியிருந்தும், ஆர்சி-யில் பெயர் இருந்தவரே மாட்டினார்.

புதிய கார் ஷோரூமில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் பதிவாகாத, டீலர் கைவசமுள்ள வண்டி. வர்த்தகச் சான்றிதழில் ஓடுகிறது. அதற்குரிய காப்பீடு மோட்டார் வியாபாரப் பாலிசி. வெள்ளைப் பலகை என்றால் டீலர் பெயரில் பதிவான டெமோ கார். எதுவானாலும் பாலிசி நகலைக் கேட்பதில் தவறில்லை. கேட்டால் விற்பனைப் பிரதிநிதி சற்று விழிப்பார். அதற்காகக் கேட்காமல் விட வேண்டாம்.

கடைசியாக, காப்பீடே காலாவதியான கார். சாலையில் ஓடும் வாகனங்களில் பாதிக்கு மேல் இந்த நிலையில்தான் இருக்கின்றன என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே கவலைப்பட்டிருக்கிறது. விற்பனைக்கு நிறுத்திய கார்களில் இது தெரிந்தே நடக்கிறது. 'அடுத்த மாதம் விற்கப்போகிறோம், எதற்கு நாலாயிரத்தைக் கொட்ட வேண்டும்?' போலீசில் மாட்டினால் முதல் முறை அபராதம் ரூ.2,000, அடுத்த முறை ரூ.4,000. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் உயர்ந்த அபராதங்கள் அமலான பிறகும் இது ஓராண்டுக் காப்பீட்டுக் கட்டணத்தைவிடக் குறைவு என்பது சட்டம் தனக்குத் தானே வெட்டிக்கொண்ட குழி. உரிமம் இல்லாதவரிடம் காரைக் கொடுத்தால் ஓட்டியவருக்கு 5,000, கொடுத்தவருக்கு 5,000. ஆனால் அபராதம் இங்கே பெரிய தொகையல்ல. முன்னே போட்ட ரூ.50,40,000 கணக்கில் காப்பீட்டு நிறுவனத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஆர்சி-யில் இருக்கும் பெயரையும் ஓட்டியவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். வீடு, நிலம், சம்பளம் எல்லாம் ஜப்திக்கு வரும்.

பார்க்க வந்தவர் இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் காப்பீடு எந்தத் தேதி வரை என்று காட்டும். காலாவதி என்றால் ஸ்டீயரிங்கில் கை வைக்கக் கூடாது; உரிமையாளரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காரவும் கூடாது. பக்கத்து இருக்கைக்கும் காப்பீடு இல்லை. முழுப் பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டியிருந்தால் விற்பவரின் என்சிபி-யும் போயிருக்கும்.

விற்பவருக்கு இதில் நட்டம் வருமோ என்ற பயம் வேண்டாம். இன்று ரூ.4,030.88 கட்டித் தேர்டு பார்ட்டி எடுத்து, ஒரு மாதம் கழித்துக் கார் விற்றது என்று கொள்வோம். 157-ஆவது பிரிவின்படி கைமாறிய நாளிலிருந்து அந்தக் காப்பீடு தானாக வாங்கியவர் பெயருக்குப் போனதாகக் கருதப்படும். அவர் 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். வாங்கியவருக்கு 11 மாதக் காப்பீடு மிச்சம். அதன் மதிப்பு ரூ.3,695. விலை பேசும்போது அதையும் சேர்த்தே கேட்கலாம்.